மன்னரை ஏற்காதவர் மன்னர் பெயரில் உறுதி சொல்லலாமா?

வெம்பிளியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். லண்டன் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஒப்புதலும் வந்துவிட்டது. கவுன்சில் அலுவலகத்தில் நடக்கும் விழாவுக்குப் போய், மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி சொன்னால் வேலை முடிந்தது. அங்கேதான் இவருக்குத் தொண்டையில் அடைக்கிறது. "என் அப்பா கடைசிவரை கறுப்புச் சட்டை போட்டவர். பிறப்பால் யாரும் உசத்தி இல்லை என்று சொல்லியே எங்களை வளர்த்தார். அவர் பிள்ளை நான், ஒரு ராஜாவுக்கும் அவர் வாரிசுகளுக்கும் விசுவாசம் என்று எப்படிச் சொல்வேன்? நெஞ்சறிந்து பொய் சொல்லித்தான் பாஸ்போர்ட் வாங்க வேண்டுமா மேடம்?" என்று கேட்கிறார்.

வீட்டில் மச்சானோடு வாக்குவாதம் வேறு. "ராஜா ஒருத்தர் மேலே இருப்பதால்தான் இந்த ஊர் அரசியல்வாதிகள் கொஞ்சமாவது உண்மை பேசுகிறார்கள்" என்கிறார் மச்சான். "2019இல் பிரதமர் ராணியிடமே பொய் சொன்னார் என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதியதே, ராணி என்ன செய்து கிழித்தார்?" என்பது இவர் பதில். மன்னராட்சி வேண்டாம் என்று முகநூலில் எழுதிய பழைய பதிவுகள் பின்னால் வந்து குடியுரிமையைப் பறித்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். "இத்தனை வருஷம் இருந்தும் ஓட்டுகூடப் போட முடியவில்லை, அதற்காகவாவது குடியுரிமை வேண்டும்" என்ற ஆசை இன்னொரு பக்கம். கடைசியில் பின்குறிப்பு: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அவசரத்துக்கு ஊருக்குப் போக இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்காமல் பீரோவில் வைத்துக்கொள்ளும்படி நண்பர்கள் சொல்கிறார்களாம்.

அன்புள்ள வாசகருக்கு,

நான் குடிவரவுச் சட்டம் பார்க்கிற வழக்கறிஞர். என்னிடம் வருகிற பலர் அந்த உறுதிமொழியை முதன்முறை படிப்பதே விழா நாளில்தான். பதிவாளர் சொல்லச் சொல்லக் கூடவே சொல்வார்கள், ‘அலீஜியன்ஸ்’ (விசுவாசம்) என்ற சொல் வரும்போது நாக்கு தடுக்கும், பின்வரிசையில் பிள்ளைகள் சிரிக்கும், படம் எடுத்துக்கொண்டு ஈலிங் ரோட்டில் சாப்பிடப் போய்விடுவார்கள். நீங்கள் அதைப் படித்துப் பார்த்துச் சங்கடப்படுகிறீர்கள். சொல்லுக்கு எடை உண்டு என்று நம்புகிறவருக்குத்தான் அந்தச் சங்கடம் வரும்.

உறுதிமொழியின் கடைசிச் சொல்

சட்டம் கேட்பது இரண்டு வாசகங்கள். முதலாவது உறுதிமொழி: பிரிட்டிஷ் குடிமகன் ஆகும்போது மூன்றாம் சார்லஸ் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் அவருக்குப்பின் வருவோருக்கும் சட்டப்படி விசுவாசமாக இருப்பேன் என்பது. இரண்டாவது வாக்குறுதி: நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், ஜனநாயக விழுமியங்களைக் காப்பேன், சட்டங்களுக்கு உட்பட்டு நடப்பேன் என்பது. முதலாவது பழையது. இரண்டாவதை 2002ஆம் வருஷச் சட்டம் சேர்த்தது. அதன்படி முதல் விழா 2004 பிப்ரவரியில் நடந்தது, உங்கள் பிரெண்ட் நகரசபைக் கட்டடத்திலேயே. அன்றைக்கு இளவரசராக இருந்த இதே சார்லஸ்தான் விருந்தாளி.

முதல் வாசகத்தின் கடைசியில் ‘சட்டப்படி’ என்ற சொல் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். என் பார்வையில் முழு எடையும் அதன்மேல்தான். இந்த நாட்டில் யார் மன்னர் என்பதை முடிவு செய்வது நாடாளுமன்றச் சட்டம். 1701இல் சட்டம் போட்டுத்தான் கத்தோலிக்கர்களை விலக்கி, ஹானோவர் வம்சத்துக்கு வழிவிட்டார்கள். 1936இல் எட்டாம் எட்வர்ட் பட்டம் துறந்தபோது அதற்கும் சட்டம் வேண்டியிருந்தது. மகனுக்குப் பிறகுதான் மகள் என்ற வரிசையை 2013இல் மாற்றியதும் சட்டம்தான். நாளைக்கே மன்னராட்சி வேண்டாம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றினால், சட்டப்படி விசுவாசமாக இருப்பேன் என்று சொன்னவர் அந்தச் சட்டத்துக்குத்தான் கட்டுப்பட்டவர். ஆக, ஓட்டுப்போட்டு மன்னரை அனுப்பிவிட வேண்டும் என்று நீங்கள் விரும்புவது உறுதிமொழியை மீறுவதாகாது. ஆயுதம் தூக்கினால்தான் மீறல்.

இது என் சாமர்த்தியமான வியாக்கியானம் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவில் இதே சங்கடத்தோடு மூன்று பேர் வழக்கே போட்டார்கள். ராணி பெயரைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். 2014இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையைத் தள்ளியது. ஆனால் தள்ளிய விதத்தைப் பாருங்கள்: அந்த ராணி ஒரு தனிமனுஷி அல்ல, நம் ஆட்சிமுறையின் குறியீடு, உறுதிமொழி எடுத்த கையோடு வெளியே வந்து, ராணியைப் பற்றிய பகுதியை நான் ஏற்கவில்லை என்று அறிவிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்றது. வழக்குப் போட்டவர்களில் ஒருவரான டொராண்டோ கணிதப் பேராசிரியர் 2015இல் அப்படியே செய்தார். குடியுரிமை அவரிடம்தான் இருக்கிறது. கனடாத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது என்றாலும் தர்க்கம் இங்கும் பொருந்தும்.

கடவுள் விஷயத்தில் உங்களுக்குச் சிக்கலே இல்லை. ‘எல்லாம் வல்ல இறைவன்மீது ஆணையாக’ என்று சொல்லத் தேவையில்லை, ‘மனப்பூர்வமாக உறுதி கூறுகிறேன்’ என்று சொல்லலாம். விழாவில் எந்த வரிசையில் உட்காருவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் ஆணையிடுவோரையும் உறுதி கூறுவோரையும் தனித்தனியாகச் சொல்ல வைப்பார்கள்.

இந்த வசதி சும்மா வந்ததில்லை, உங்கள் அப்பா இருந்திருந்தால் ரசித்திருப்பார் என்பதால் சொல்கிறேன். சார்லஸ் பிராட்லா என்று ஒரு நாத்திகர், முடியாட்சியையும் எதிர்த்தவர், 1880இல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றம் வந்தார். கடவுள் பெயரில் ஆணையிட மாட்டேன், உறுதி கூறுகிறேன் என்றார். அதற்கு அனுமதி இல்லை என்றார்கள். சரி, ஆணையே இடுகிறேன் என்றார். நம்பிக்கை இல்லாதவன் ஆணையிட்டால் செல்லாது என்றார்கள். கூப்பிட்டாலும் அடி, கூப்பிடாவிட்டாலும் அடி! ஒரு நாள் ராத்திரி பிக் பென் மணி தொங்குகிற கோபுரத்திலேயே அடைத்து வைத்தார்கள். தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே ஜெயிக்க வைத்தார்கள். 1886இல்தான் உட்கார விட்டார்கள். 1888இல் யார் வேண்டுமானாலும் உறுதி கூறலாம் என்று சட்டம் வந்தது. அவரோடு சேர்ந்து இயக்கம் நடத்திய அன்னி பெசன்ட் பிற்பாடு அடையாறில் ஆன்மிகத்தில் போய் நின்றது தனிக்கதை. 1880களிலேயே சென்னையில் பிராட்லாவை முன்மாதிரியாக வைத்துத் தமிழில் நாத்திக இதழ் நடத்தியவர்கள் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடவுளை விடலாம், மன்னரை விட முடியாது. விசேஷக் காரணம் இருந்தால் விலக்குத் தர உள்துறைக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அது உடம்புக்கோ மனசுக்கோ முடியாதவர்களுக்காக. கொள்கை மாறுபாட்டைச் சொல்லி வாங்கலாம் என்று நம்பி நாளைக் கடத்தாதீர்கள். தேசிய கீதம் பாட வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டம் கேட்பது மேலே சொன்ன இரண்டு வாசகங்களை மட்டும்தான். எழுந்து நிற்பது மரியாதைக்கு, வாயை அசைப்பது உங்கள் இஷ்டம்.

முகநூல் பதிவுகள்

பயப்பட வேண்டாம். ஆனால் ‘இது சுதந்திர நாடு, எதுவும் ஆகாது’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் மாட்டேன்.

1848ஆம் வருஷத்துத் தேசத்துரோகச் சட்டம் ஒன்று இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. முடியாட்சியை ஒழிக்க வேண்டும் என்று அச்சில் எழுதினாலே ஆயுள் தண்டனை என்று படிக்கும்படி அதில் ஒரு பிரிவு. ‘கார்டியன்’ பத்திரிகை இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2003இல், அன்றைக்கு உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள், அமைதியாகக் குடியரசு வேண்டும் என்று எழுதுகிறவர்மேல் இனி வழக்கு வரவே வராது, இந்த வழக்கே அநாவசியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உங்கள் பதிவுகளுக்கு அது போதும். குடியுரிமையைப் பறிக்க அரசுக்கு உள்ள அதிகாரம் இரண்டு வகை. ஒன்று, பொய்த் தகவல் கொடுத்தோ உண்மையை மறைத்தோ வாங்கியிருந்தால். இன்னொன்று, பயங்கரவாதம் மாதிரி நாட்டுக்குக் கேடான பெரிய விவகாரங்களில். மன்னர் தேவையா என்ற கருத்து இரண்டிலும் சேராது.

தெருவில் நிலைமை வேறு. 2022 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டில், புது மன்னர் அறிவிப்பு வாசிக்கப்பட்டபோது "இவரை யார் தேர்ந்தெடுத்தது?" என்று குரல் கொடுத்தவரைக் கைது செய்தார்கள். வழக்கு நிற்கவில்லை. 2023 மே 6, முடிசூட்டு நாளன்று காலையில் குடியரசு கோரும் அமைப்பினர் ஆறு பேரைப் பிடித்தார்கள். கையிலிருந்த பதாகைகளைக் கட்டும் பட்டைகளைக் காட்டி, தங்களை எங்காவது பூட்டிக்கொள்ளத்தான் இவை என்றது போலீஸ். அப்படிப் பூட்டிக்கொள்ளும் பொருளோடு வருவதைக் குற்றமாக்கிய சட்டம் அமலுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வழக்கு இல்லாமல் விட்டுவிட்டு, பிறகு வருத்தமும் தெரிவித்தார்கள். ஊர்வலம் முடிந்த பிறகு தெரிவிக்கிற வருத்தத்தால் என்ன பயன், சொல்லுங்கள். ஆர்ப்பாட்டத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால், குடியுரிமை கைக்கு வந்த பிறகு போங்கள் என்பது வழக்கறிஞராக என் யோசனை.

மச்சான் சொன்னதும் நீங்கள் சொன்னதும்

இரண்டு பேரும் கொஞ்சம் தப்பு. உங்களிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உண்மையைப் பற்றிக் கேட்டது நீங்கள்.

2019 ஆகஸ்ட் 28 அன்று பால்மோரல் அரண்மனையில் ராணியின் ஆணை பெற்று, நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கினார் போரிஸ் ஜான்சன். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினோரு நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். முடக்க ஆணையோடு அதிகாரிகள் அவைக்குள் வந்தது வெற்றுத்தாளோடு வந்த மாதிரிதான் என்று எழுதினார்கள். ஆனால் பிரதமர் ராணியிடம் பொய் சொன்னார் என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை. நோக்கம் கெட்டது என்று சொன்னது அதற்கு முன்பு ஸ்காட்லாந்து நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் நோக்கத்துக்குள் போகவே இல்லை. விளைவை எடுத்துக்கொண்டது: நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்ய முடியாமல் போனது, அதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. அவ்வளவுதான். நமக்குப் பிடித்த முடிவைக் கொடுத்த தீர்ப்பு என்பதற்காக அது சொல்லாததை அதன் வாயில் போடக்கூடாது. மச்சானிடம் தோற்றுப்போவீர்கள் என்பதற்காகவும்தான்.

இப்போது மச்சான். பிரதமர் கொடுக்கும் ஆலோசனையை ஏற்பது மரபு, அதன்படி ராணி ஒப்புதல் தந்தார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு அரச பீடம் கடைசியாக ஒப்புதல் மறுத்தது 1708இல். மன்னர் உண்மையின் காவலராக இருந்து அரசியல்வாதியை அடக்குகிறார் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி அடக்கும் கருவி எதுவும் அவர் கையில் இல்லை. இருக்கிற இடத்தில் என்ன ஆனது என்று ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1975 நவம்பர் 11 அன்று ராணியின் பிரதிநிதியான ஜான் கெர், தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் விட்லமை முன்னறிவிப்பில்லாமல் பதவி நீக்கினார். அரண்மனைக்கும் அவருக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து ‘தனிப்பட்ட கடிதம்’ என்ற பெயரில் பூட்டிக்கிடந்தது. ஒரு வரலாற்றாசிரியர் உயர் நீதிமன்றம்வரை போய் ஜெயித்த பிறகு 2020இல்தான் மக்கள் படித்தார்கள்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? சார்லஸ் இளவரசராக இருந்தபோது அமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களைக் கேட்டு 2005இல் ஒரு நிருபர் மனுப் போட்டார். உச்ச நீதிமன்றம்வரை பத்து வருஷம் அலைந்து, 2015 மே மாதம் 27 கடிதங்கள் வெளிவந்தன. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? ஈராக்கில் படைக்கு ஹெலிகாப்டர் சரியில்லை, மாட்டுக் காசநோய்க்கு என்ன செய்கிறீர்கள், படகோனியன் டூத்ஃபிஷ் என்ற மீனைத் திருட்டுத்தனமாகப் பிடிக்கிறார்களே, இப்படி. சில கவலைகள் நியாயமானவை என்றே எனக்குப் பட்டது. ஆனால் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சட்டத்தை மாற்றி, மன்னர், அடுத்த வாரிசு, அதற்கடுத்த வாரிசு எழுதும் கடிதங்களைத் தகவல் உரிமையிலிருந்து முழுக்க எடுத்துவிட்டார்கள். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மன்னராட்சியில் எனக்கு உறுத்துவது கிரீடமோ தங்க வண்டியோ இல்லை, இந்தப் பூட்டுதான்.

அப்படியானால் ஜான்சனை யார் பிடித்தார்கள்? 2021 ஏப்ரல் 17, கணவரின் இறுதிச் சடங்கில், விண்ட்சர் தேவாலயத்தில் முகக்கவசத்தோடு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த ராணியின் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முந்தைய ராத்திரி கொரோனாக் கட்டுப்பாடு அமலில் இருக்கும்போதே பிரதமர் அலுவலகத்தில் பார்ட்டி நடந்திருக்கிறது. அரண்மனையிடம் மன்னிப்புக் கேட்டார்கள், ராணி பகிரங்கமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்தது பத்திரிகைகளும் ஒரு நாடாளுமன்றக் குழுவும். ஏழு பேர் குழுவில் நாலு பேர் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். இந்த மாதிரிப் பார்ட்டிகள் பற்றி அவர் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் அறிக்கை கொடுத்தார்கள். அவை 354க்கு 7 என்ற கணக்கில் ஏற்றது. அவர் அதற்குள் பதவியை விட்டே ஓடியிருந்தார்.

இதில் ஒரு வேடிக்கை. 2021 ஜூலையில் அதே அவையில் அப்போது உங்கள் பக்கத்துத் தொகுதியாக இருந்த பிரெண்ட் சென்ட்ரலின் உறுப்பினர் டான் பட்லர், பிரதமர் திரும்பத் திரும்பப் பொய் சொல்கிறார் என்றார். சக உறுப்பினரைப் பொய்யர் என்பது அவை மரபுக்கு விரோதம், வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்தார், வெளியே அனுப்பினார்கள். பொய் சொன்னவர் உள்ளே, சொல்லிக் காட்டியவர் வெளியே! ஜனநாயகத்தின் இந்த அசட்டுத்தனத்தையும் மச்சான் எடுத்துக்காட்டினால் மறுக்காதீர்கள். ஆனால் இரண்டு வருஷத்தில் அதே அவை கணக்கைத் தீர்த்ததையும் சொல்லுங்கள்.

பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட்

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இந்தப் பின்குறிப்புதான். மன்னர் பெயரைச் சொல்வது பொய்யாகிவிடுமோ என்று நாலு பக்கம் எழுதிய நீங்கள், இதை நாலே வரியில் கடந்துவிட்டீர்கள்.

இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, விழாவில் உறுதி சொல்லி முடித்த கணமே நீங்கள் இந்தியக் குடிமகன் இல்லை. யாரும் ரத்து செய்யத் தேவையில்லை, தானாகப் போய்விடும். அதன்பிறகு அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டிச் சென்னையில் இறங்கினால், நான் இந்தியன் என்று அதிகாரியிடம் பொய் சொல்கிறீர்கள். அது குற்றம், அபராதமும் உண்டு. அம்மாவுக்காக அவசரமாகப் போகும் நேரத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது வரும்வரை அவசரம் என்றால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் விசா எடுத்துப் போகலாம். ஓ.சி.ஐ.யில் இந்தியாவில் ஓட்டு கிடையாது. விவசாய நிலம் புதிதாக வாங்க முடியாது, அம்மா பெயரில் இருக்கும் நஞ்சை வாரிசாக வந்து சேர்வதற்குத் தடையில்லை.

ஓட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியா காமன்வெல்த் நாடு. இங்கே முறைப்படி வசிக்கும் இந்தியக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாவற்றிலும் ஓட்டுப் போடலாம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தால் போதும். சாவடியில் அடையாளத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட்டையே காட்டலாம். பதினோரு வருஷமாக உங்களுக்கு அந்த உரிமை இருந்திருக்கிறது. கவுன்சிலிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமல் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஆக, ஓட்டுக்காகக் குடியுரிமை எடுக்க வேண்டியதில்லை. அந்தக் காரணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு யோசியுங்கள்.

என்ன செய்யலாம்

குடியுரிமை வேண்டாம் என்று இப்போதிருக்கும் நிரந்தர வதிவுரிமையிலேயே இருந்துவிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஓட்டு இருக்கிறது, வேலை இருக்கிறது, இந்தியக் குடியுரிமையும் கையில் இருக்கும். ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊரில் தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் அந்த உரிமை போய்விடும். குடியுரிமை அப்படிப் போகாது. உங்கள் நிலைமையில் இதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது, மன்னர் இரண்டாம்பட்சம்.

எடுப்பதென்றால், கடவுளை விட்டு உறுதி கூறுங்கள். ‘சட்டப்படி’ என்ற சொல்லை மட்டும் அழுத்திச் சொன்னால் பதிவாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். குடியரசுவாதியாக உள்ளே போய்க் குடியரசுவாதியாகவே வெளியே வாருங்கள். அயர்லாந்தின் ஷின் ஃபெயின் கட்சிக்காரர்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தையும் அங்கே மன்னருக்கு எடுக்க வேண்டிய உறுதிமொழியையும் ஏற்காமல், ஜெயித்த நாற்காலியில் உட்காராமல் இருக்கிறார்கள், அந்த வைராக்கியத்துக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் உடம்பு சரியில்லாத அம்மாவை ஊரில் வைத்துக்கொண்டு நிற்கிற உங்களிடம் அதை நான் கேட்க மாட்டேன்.

எதுவானாலும் சீக்கிரம் முடிவெடுங்கள். அழைப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விழாவில் கலந்துகொள்ள வேண்டும், தவறினால் திரும்ப விண்ணப்பம், திரும்பப் பணம். உங்கள் கடிதத்தின் தேதியைப் பார்த்தால் பாதிக்கு மேல் போய்விட்டது. நாளைக் காலையே கவுன்சிலுக்குப் போன் போட்டு, இருக்கிற தேதிகளைக் கேளுங்கள்.